எட்டு டன்

என் கையெழுத்தில் எண்கள் மட்டும் பார்க்க நன்றாக இருக்கும். எழுத்துகளைப் பற்றிக் கேட்காதீர்கள். ஏழாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். இரண்டாவது வருஷம் பெஞ்சே என்னை எழுந்து போகச் சொன்னது. ஆனால் எட்டு என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். மேலே ஒரு சின்ன போண்டா, கீழே ஒரு பெரிய போண்டா, நடுவில் இடுப்பு. அச்சில் வார்த்த மாதிரி விழும். அந்த எட்டு என் வேலையை எனக்குத் திருப்பி வாங்கித் தரும் என்று ஒன்றரை வருஷம் நம்பினேன். நான் மட்டும் நம்பியிருந்தால் போய்த் தொலைகிறது. என் மனைவியையும் அவள் தம்பியையும் ஒரு கம்ப்யூட்டரையும் சேர்த்து நம்ப வைத்தேன்.

இரண்டாயிரத்து நாலில் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் வீடு, கையில் வேலை இல்லை. மூட்டை தூக்கச் சேர்ந்தேன். பிறகு குழாய் தூக்கினேன். நாலாவது வருஷம் பிரேக் பிடிக்கிறவன் வெளிநாட்டுக்குப் போய்விட, “நீதான் பாத்துட்டே இருந்தியே, புடி” என்று என்னை அங்கே நிறுத்தினார்கள். சர்டிபிகேட் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டி.சி.யைக் காட்டியிருப்பேன். அதில் நடத்தை நன்று என்று போட்டிருந்தது.

கிணறு என்றதும் கடப்பாரை, மண்வெட்டி என்று நினைக்க வேண்டாம். முப்பது அடிக் குழாய்களை ஒன்றோடொன்று திருகிக் கோத்து, நுனியில் பல் வைத்த பிட்டை மாட்டி, சுற்றிக்கொண்டே கீழே இறக்குவார்கள். மொத்தக் குழாயும் மேலே கொக்கியில் தொங்கும். பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் குழாயின் எடையில் ஒரு பங்கு போய் பிட் மேல் உட்காரும். பிட் பாறையைக் கடிக்கும். எடை போதாவிட்டால் சும்மா சுற்றும். ஜாஸ்தியானால் கீழே இருக்கிற குழாய் தாங்காமல் நெளியும். பாவாடைக்கு நாடா கோத்தவர்களுக்கு இது புரியும். ஊக்கை மாட்டி இழுத்தால் நாடா நேராக வரும். பின்னாலிருந்து தள்ளினால் உள்ளேயே சுருட்டிக்கொண்டு நிற்கும். எங்களுடையது இரும்பு நாடா, ஒன்றரை கிலோமீட்டர் நீளம். அதுவும் நேர்க்கிணறு இல்லை. ஊருக்கு அடியில் போக வேண்டும் என்று சாய்வாகத் தோண்டினது.

எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது என்று காட்ட என் முகத்துக்கு நேரே தாம்பாளம் அளவுக்கு ஒரு டயல் இருந்தது. முள் எட்டு டன்னில் நிற்க வேண்டும், இது இஞ்சினியர் உத்தரவு. மணிக்கு ஒரு தரம் முள்ளைப் பார்த்து லாக்‌ஷீட்டில் எழுத வேண்டும், இதுவும் அவர் உத்தரவுதான். முதல் உத்தரவை முடிந்த மட்டும் மதித்தோம். இரண்டாவதை யாரும் மதித்து நான் பார்த்ததில்லை. ஏழு என்று எழுதினால் ஏன் வேலை மெதுவாகப் போகிறது என்று கேட்பார்கள். ஒன்பது என்று எழுதினால் யாரைக் கேட்டுப் போட்டாய் என்பார்கள். எட்டு என்று எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். ஆகவே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்டுக்குப் பன்னிரண்டு எட்டு, மொத்தமாக, ஒரே உட்காரலில்.

“மச்சான், எட்டுதான?” என்பான் என்னை மாற்ற வருகிறவன்.

“எட்டுதான் மச்சான். நீ போயி டீய குடி.”

இதுதான் எங்கள் ஷிப்ட் மாற்றம்.

இரண்டாயிரத்து ஒன்பது ஆயுத பூஜை அன்று எனக்குப் பகல் ஷிப்ட். பூஜை முடிந்தால் கையெல்லாம் பொரியும் வெல்லமுமாக இருக்கும், பேப்பரில் ஒட்டும் என்று காலையிலேயே இரண்டு மணி வரைக்குமான எட்டுகளை எழுதி முடித்துவிட்டேன். சுத்தமான ஆள் பாருங்கள்.

பதினொரு மணிக்கு ரிக்கை, அதாவது தோண்டுகிற மெஷினை, நிறுத்தினோம். குழாயைத் தாங்குகிற இரும்புக் கோபுரமான மாஸ்டில் வாழைக்கன்று கட்டினோம். பம்ப்புக்கு மாலை, ஜெனரேட்டருக்கு மாலை, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பொட்டு. டயலுக்கு நான்தான் வைத்தேன். என் சோற்றுக்கு அதுதானே சாமி. கண்ணாடியின் நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அம்மன் முகம் மாதிரி இருந்தது. இஞ்சினியர்கூட வந்து சுண்டல் சாப்பிட்டார். பூசணிக்காய் உடைத்து, ஒரு மணிக்கு மறுபடி தோண்ட ஆரம்பித்தோம்.

இரண்டு மணிக்குக் குழாய் முனகியது. சுற்றுகிற மேடை உதறியது. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். கீழே எங்கேயோ ‘டொம்’ என்று ஒரு சத்தம், காதில் இல்லை, பாதத்தில் கேட்டது. தூக்கிப் பார்த்தால் கொக்கி லேசாக வந்தது. கீழ்ப்பாதி உள்ளேயே தங்கிவிட்டது. மேலே வந்த குழாய்களில் கடைசி நாலைந்து, கல் கட்டாமல் விட்ட புடலங்காய் மாதிரி வளைந்து வந்தன. விட்டுப்போன குழாயை எடுக்க மூன்று வாரம் துழாவினார்கள். கிடைக்கவில்லை. கிணற்றை சிமெண்ட் போட்டு மூடினார்கள்.

விசாரணை ஒரு காகிதத்தில் முடிந்தது. பிரேக் பிடித்தவன் எடையை ஜாஸ்தி போட்டான், குழாய் நெளிந்தது, உடைந்தது. “லாக்‌ஷீட்டப் பாருங்க சார், எட்டுதான்” என்றேன். “அது நீ எழுதனது” என்றார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். வேறு இரண்டு ரிக்கில் போய்க் கேட்டேன். அங்கேயும் போன் போயிருந்தது. கிணறு தோண்டுகிற உலகம் பெரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு செல்போன் அளவுதான்.

என் மனைவி இரண்டு நாள் வழக்கம்போல் சோறு போட்டாள். மூன்றாம் நாள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

“மத்த எல்லாத்துலயும் பொய் சொல்வீங்க. தெரியும். சிரிச்சிட்டுப் போறேன். இதுல மட்டும் உண்மையச் சொல்லுங்க. ஜாஸ்தி போட்டீங்களா, இல்லியா?”

“எட்டுதான் போட்டேன்.”

“சூடம் அணைங்க.”

உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி அணைத்தேன். கொப்புளம் வந்தது. சாமி அப்போதே தன் கருத்தைச் சொல்லிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. நான் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். அன்று முதல் அவள் தெருவில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொன்னாள். “எட்டு டன்னுதான் போட்டாரு. சூடம் அணைச்சி சொல்லியிருக்காரு.” டன் என்றால் எவ்வளவு என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அவள் விளக்கியதைக் கேட்டிருக்கிறேன். நானே புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

அவள் தம்பி அப்போது சிதம்பரத்தில் எம்.இ. படித்துக்கொண்டிருந்தான். அவர்கள் குடும்பத்தில் முதல் இஞ்சினியர். லீவுக்கு வந்தவன் என் கதையைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“மாமா, இதுக்குப் பேரு பக்ளிங். எவ்ளோ எடைக்கு எந்த எடத்துல நெளியும்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட முடியும். உங்க கெணத்தையே போடறேன். எனக்கும் ப்ராஜெக்ட் ஆச்சு, உங்களுக்கும் நியாயம் ஆச்சு. லாக்‌ஷீட்டு இருக்கா?”

கார்பன் காப்பி இருந்தது, எட்டு நாளுக்கு. என் மனைவி அதை அலமாரியில் அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்தாள். டின்னைத் தூக்கி, தட்டி, மடித்து, ஏதோ நகை கொடுக்கிற மாதிரி தம்பியின் கையில் கொடுத்தாள்.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். “டீ போடு” என்றேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு தரம் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ரூம். ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர், நாலு பேருடைய துவைக்காத பனியன். திரையில் என் கிணறு கோடுகோடாக நின்றது. குழாயை இரண்டாயிரம் துண்டாக நறுக்கி ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போடும் என்றான். ஒரு தரம் ஓடி முடிக்க மூன்று மணி நேரம். அந்த வருஷங்களில் கரண்ட் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தால் பெரிய விஷயம். பாதியில் ஃபேன் நிற்கும், திரை கறுக்கும். இரண்டாயிரம் துண்டும் மறுபடி முதலிலிருந்து. மச்சான் தலையில் கை வைத்துக்கொள்வான். நான் கீழே போய் டீ வாங்கி வருவேன். அந்த ஆராய்ச்சிக்கு என் பங்கு மொத்தம் நூற்றுச் சொச்சம் டீ.

முதல் பதில் மாசி மாதத்தில் வந்தது.

“மாமா, எட்டு டன்னுக்கு நெளியவே இல்ல. குழாயி ஓட்டையோட அடிப்பக்கத்துல படுத்துத் தூங்குது.”

“தூங்குனதா உடைஞ்சுது?”

“அதான் எனக்கும் புரியல.”

ஒரு மாதம் எதையெதையோ மாற்றிப் பார்த்தான். பிறகு இரண்டு படம் காட்டினான். இரண்டிலும் குழாய் சிவப்பாக, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நின்றது. இரண்டும் ஒரே படம் என்றுதான் நினைத்தேன்.

“இது, ஓட்டை சரியான அளவுல இருந்து, நீங்க பதினாலு டன் போட்டிருந்தா. இது, எட்டு டன்னுதான், ஆனா அந்த எடத்துல மண்ணு சரிஞ்சி ஓட்டை அகலமாயிருந்தா. அகலமா இருந்தா குழாய்க்குப் பக்கவாட்டுல புடிமானம் கம்மி, சீக்கிரம் சுருண்டுக்கும். ரெண்டுல எதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது மாமா. உங்க லாக்‌ஷீட்டுதான் சொல்லணும். அது எட்டுன்னு சொல்லுது. அப்ப ஓட்டைதான் அகலம். தப்பு உங்க மேல இல்ல.”

“அகலமாத்தான் இருந்துச்சு” என்றேன் உடனே.

“எப்டித் தெரியும்?”

“மண்ணு ஜாஸ்தி வந்துச்சே அன்னைக்கி.”

வந்ததா? வந்திருக்கலாம். அன்று பூசணிக்காய் விதை வந்தது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவன் எழுதிக்கொண்டான். அவனுடைய புரொபசர், கம்ப்யூட்டர் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நிஜக் கிணறு ஒன்றோடு ஒத்துப்போகிறதா என்று காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இப்போது காட்ட ஒரு கிணறு கிடைத்துவிட்டது. ஒரு முழு அத்தியாயம் என் எட்டுகளின் மேல் கட்டினான். முதல் பக்கத்தில் நன்றி என்று இங்கிலீஷில் ஒரு வரி போட்டு எனக்குத் தமிழில் சொன்னான். களத்திலிருந்து நம்பகமான விவரங்களைத் தந்த என் மாமாவுக்கு. என் பேர் அச்சில் வந்தது அதற்கு முன்னால் ரேஷன் கார்டில்தான். அதிலும் தப்பாக.

புரொபசரிடம் கொடுக்கிறதுக்கு முன்னால் கம்பெனியிடம் காட்டுவோம், ஒத்துக்கொண்டால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று அவனே சொன்னான். கம்பெனி ஆபீஸ் சிப்காட் பக்கம் இருந்தது. காலையில் கிளம்பும்போது என் மனைவி இருவருக்கும் நெற்றியில் விபூதி பூசினாள். உளுந்து ஊறப் போட்டிருந்தாள். வடை பாயசம்.

ஆபீஸில் அதே இஞ்சினியர். கெட்ட மனுஷன் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், மச்சான் நீட்டிய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தார்.

“நல்லா பண்ணியிருக்கப்பா. எங்க ஆளுங்களே இவ்ளோ பண்ண மாட்டாங்க” என்றார்.

மச்சான் காது சிவந்தது. நான் மனசுக்குள் பிரேக்கைக் கையில் பிடித்துவிட்டேன்.

பிறகு அவர் என் லாக்‌ஷீட் இருந்த பக்கத்துக்கு வந்தார். விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். நடுவில் விரல் நின்றது.

“இது ஆயுத பூஜ அன்னைக்கித்தான?”

“ஆமா சார்” என்றான் மச்சான், பெருமையாக. “உடைஞ்ச அன்னைக்கி.”

“பதினொன்னுலேருந்து ஒரு மணி வரைக்கும் ரிக்கு நின்னுச்சே. நானே வந்து சுண்டல் சாப்ட்டேன். இதுல பன்னெண்டு மணிக்கு எட்டு டன், ஒரு மணிக்கு எட்டு டன்னு போட்டிருக்கு.” என்னைப் பார்த்தார். “என்னாய்யா, பூசணிக்கா மேலயா போட்ட?”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். பியூன் சிரித்தார். அவர்களுக்கு முன்னால் சிரித்தது நான்தான். எனக்கு அந்த வியாதி உண்டு. வாய் முதலில் சிரித்துவிடும், சிரித்தது என்னைப் பற்றி என்பது பிறகுதான் மூளைக்குப் போகும்.

மச்சான் சிரிக்கவில்லை. மீதி ஏழு நாள் தாள்களையும் திருப்பிப் பார்த்தான். எட்டு, எட்டு, எட்டு. அத்தனை மாதம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அன்றுதான் அவற்றைப் பார்த்தான். என்னை நல்ல பிரேக்குக்காரன், முள்ளை ஆடாமல் பிடிக்கிற கை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். புத்தகத்தை வாங்கி, ஓரங்களை மேஜையில் தட்டிச் சமமாக்கி, பையில் வைத்தான். “தேங்க்ஸ் சார்” என்றான்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். சிப்காட் கெமிக்கல் நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவன் பொத்தவில்லை.

“நெஜத்துல எவ்ளோ போட்டீங்க மாமா?”

“தெரியல மச்சான்.”

“தெரியலன்னா? பொய்யா எழுதனீங்க, சரி. பாத்திருப்பீங்கள்ல? எதிர்லதான டயலு?”

“எதிர்லதான். பொட்டு வச்சிருந்துச்சு.”

அவனுக்குப் புரியவில்லை. சொன்னேன். சந்தனம், குங்குமம், உள்ளங்கை அகலம். முள் இருந்த இடமே அதுதான்.

“தொடச்சிருக்கலாம்ல?”

“பூஜ போட்ட அன்னைக்கே பொட்டத் தொடைப்பாங்களா? பீரோவுக்கு வச்ச பொட்ட உங்கக்கா அடுத்த ஆயுத பூஜ வரைக்கும் தொட உடமாட்டா.”

“அப்ப ஒரு மணி நேரம் எப்டி ஓட்டுனீங்க?”

“சத்தத்த வச்சிதான். பழகுன கை.”

“கைக்கு எட்டு எது, பதினாலு எதுன்னு தெரியுமா?”

பதில் சொல்ல ஒரு ஜோக் தேடினேன். என் வாழ்க்கையில் ஜோக் கிடைக்காமல் போனது அந்தப் பஸ்ஸில்தான். அவன் ஜன்னலைப் பார்த்தபடி, “நீங்க பதினாலு போட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட என் கணக்கு சரியா இருந்திருக்கும்” என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றாள், கையில் மாவு. என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டும். செருப்பின் வாரை ரொம்ப நேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாரில்லாத செருப்பு அது.

“அவுங்க ஒத்துக்கலக்கா” என்றான் அவன்.

“ஏன்? கணக்கு சரியில்லியாமா?”

“கணக்கு சரிதான். பெரிய எடம்க்கா. நம்மள மாதிரி ஆளு சொன்னா எடுபடாது.”

அவள் அந்தப் பெரிய இடத்தை ஒரு மூச்சு திட்டினாள். பிறகு இலை போட்டாள். அவன் பாயசம் வேண்டாம் என்றான். நான் இரண்டு பேருடையதையும் குடித்தேன்.

புரொபசரிடம் அவன் அந்த அத்தியாயத்தைக் கொடுக்கவில்லை. பொய் எண் என்று தெரிந்த பிறகு வைக்க முடியாது என்றான். அவன் அக்காவைப் போல அவனும் அந்த விஷயத்தில் கெட்டி. ஒப்பிட்டுக் காட்டக் கிணறு இல்லாமல், வெறும் சிவப்புப் படங்களோடு போய் நின்றான். படம் நன்றாக இருக்கிறது, நிஜத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். பாஸ் போட்டார்கள், அவ்வளவுதான். எண்ணெய்க் கம்பெனி டிசைன் வேலைக்கு இரண்டு இண்டர்வியூ போனான். அங்கேயும் அதே கேள்வி. இப்போது லால்பேட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் டிராயிங் வகுப்பு எடுக்கிறான். கட்டிக் கொண்டுவந்த புத்தகத்தில் நன்றிப் பக்கத்தைப் பார்த்தேன். நாலு வரி இருந்தது. நான் இல்லை. ரேஷன் கார்டே போதும் எனக்கு.

நான் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் யூனிட் கேட்டில் லாரி நம்பர் எழுதுகிறேன். வருகிற ஒவ்வொரு லாரியையும் எழுந்து போய்ப் பார்த்துத்தான் எழுதுகிறேன். யாருக்கும் அது தேவையில்லை.

இந்த வருஷப் பொங்கலுக்கு மச்சான் வந்தான். பழைய கம்ப்யூட்டரை எங்கள் வீட்டிலேயே போட்டு வைத்திருந்தான். அவன் என்னை மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். கோபமெல்லாம் இல்லை. எதுவும் கூப்பிடாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவான். கம்ப்யூட்டரை ஆன் பண்ணச் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் பண்ணினான். என் கிணறு கோடுகோடாக வந்தது. சரியான அளவு ஓட்டைதான் வைத்திருந்தான். எடை என்ற கட்டம் காலியாக இருந்தது. இப்போதெல்லாம் துண்டுகளைக் குறைத்துவிட்டானாம், பத்து நிமிஷத்தில் ஓடிவிடும்.

ஒற்றை விரலால் எட்டு போட்டேன். தூங்கியது. பத்து போட்டேன். லேசாக நெளிந்தது. பதினாலு போட்டேன். சிவந்து சுருண்டது. எது போட்டாலும் அதனிடம் ஒரு பதில் இருந்தது. எண்ணை மட்டும் நான் சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடி அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துப் பார்த்தேன். பிரேக்கின் சூடு ஞாபகம் வந்தது. வெல்லம் ஒட்டிய விரல் ஞாபகம் வந்தது. முள் வரவில்லை. குங்குமம்தான் வந்தது.

பதினொன்று என்று போட்டேன். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மச்சான் பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தான்.

வாசலில் என் மனைவி யாரோ ஒரு விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எட்டு டன்னுதான் போட்டாரு. என் தம்பி கம்ப்யூட்டர்லயே கணக்குப் போட்டு காமிச்சான். எவன் கேக்கறான்?”

மச்சான் என்னைப் பார்த்தான். நான் உள்ளங்கையைப் பார்த்தேன். அந்தக் கொப்புளத்துத் தழும்புகூடப் போய்விட்டிருந்தது.